கழுத்து டாப்ளருக்கு ஐந்து வாரம் தாங்காது, ஐயா

மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயாவுக்கு,

வணக்கம். என் அப்பாவின் ஓ.பி. சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் போகும் கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்காக 'கழுத்து டாப்ளர்' என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கிறார்கள். நாங்கள் வந்த நாளிலிருந்து எண்ணினால் 36ஆம் நாள்.

அன்று காலை டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு, கடை ஷட்டரை இறக்கியது போல இடது கண் இருட்டிவிட்டது. வலது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் உங்கள் பக்கவாதச் சுவரொட்டியில் 'உடனே வாருங்கள்' என்று இருந்ததால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். தலைக்கு சி.டி. எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 11ஆம் நாள் அப்பா விழுந்தார். வலது பக்கம் அசைவில்லை. என்னைக் கூப்பிட வாயெடுக்கிறார், பெயர் வரமாட்டேன் என்கிறது.

அதற்கப்புறம்தான் டாப்ளர் எடுத்தார்கள். கழுத்தில் ஜெல் தடவிப் பார்க்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அது போலச் சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்று கணக்காம். அப்பாவுக்கு 310.

இந்த அளவு அடைப்பை, முதல் அறிகுறி தெரிந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்து நீக்கினால்தான் முழுப் பலன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, 36ஆம் நாளுக்குத் தேதி கொடுப்பது எப்படி?

ஸ்கேன் டாக்டரைக் குறை சொல்லவில்லை. ஒரே மெஷின், காலையிலிருந்து கர்ப்பிணிகள் வரிசை. ஆனால் இது காத்திருக்கக் கூடாத சோதனை என்று ஒருவர், ஒரே ஒருவர் சொல்லியிருந்தால், அம்மாவின் தோட்டை அடகு வைத்தாவது வெளியே எடுத்திருப்போம். இல்லாதவர்கள் என்றால் எதற்கும் காத்திருப்பார்கள் என்று முடிவே செய்துவிட்டீர்களா?

மன்னியுங்கள், கேட்க வந்தது இதுதான். கண் இருட்டி, கை மரத்து, பேச்சுக் குழறி, பிறகு சரியாகிவிட்டது என்று வருகிறவருக்கு இரண்டு நாளுக்குள் கழுத்து டாப்ளர் எடுங்கள். குழாயில் சுண்ணாம்பு படிந்து படம் மறைத்தால், சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ உடனே எடுங்கள். இரண்டே நாள், ஐயா.

அப்பாவின் சீட்டில் உள்ள தேதி அடுத்த வியாழன். அந்த இடத்தை நேற்று வந்த யாருக்காவது தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்கள் வார்டு நோயாளி ஒருவரின் மகள்