ஓல்ட் சாரம் நமக்குச் சம்பந்தமில்லாததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் பழைய நாடாளுமன்றத் தொகுதியான ஓல்ட் சாரம் பற்றிய கட்டுரையில் ‘நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சிரிக்கலாம்’ என்று ஒரு வரி. மன்னிக்கவும், சிரிப்பு வரவில்லை. ஆளில்லாத மேடு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகள், அதற்கு இரண்டு எம்.பி.க்கள், 1832இல் ஒழித்தார்கள், அவ்வளவோடு கட்டுரையாளர் கடையைக் கட்டிவிட்டார். மேடு யார் கையிலோ, அவர் கைகாட்டியவர்தான் எம்.பி. அப்படியென்றால் அது யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

1691இல் அதை விலைக்கு வாங்கிய தாமஸ் பிட், கிழக்கிந்தியக் கம்பெனியின் தடையை மீறி வங்காளப் பக்கம் வியாபாரம் செய்து பணம் பார்த்தவர். அதே கம்பெனி 1698இல் அவரையே புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக்கியது (சிரிப்பதானால் இதற்குச் சிரிக்கலாம்). சென்னையில் இருந்தபோது அவர் வாங்கி, பிறகு 1717இல் பிரான்சுக்கு விற்ற வைரம் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் இந்த மேட்டின் உறுப்பினராகத்தான். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரும் ஆனார். தங்களுக்குத் தெரியாததல்ல, சென்னை சிறப்பிதழில் தாமஸ் பிட்டின் படத்தை முழுப்பக்கம் போட்டவர்களே நீங்கள்தானே!

மகள் சாலிஸ்பரி பக்கம் வேலையில் இருந்தபோது அந்த மேட்டில் ஏறிப் பார்த்திருக்கிறேன். அகழி, இடிந்த சுவர், புல். சென்னைக் கதையைச் சொன்னதும் மருமகன் ‘அப்படியா மாமா’ என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பத்திரிகைகள் எழுதினால்தானே தெரியும்.

இது முதல் தடவை என்றால் சும்மா இருந்திருப்பேன். ஆற்காட்டு நவாப் தொடரில் அவருடைய ஆடம்பரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்தீர்கள். அவருக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேயர் பால் பென்ஃபீல்டு 1780இல் இங்கிலாந்தின் கிரிக்லேட் தொகுதிக்கு எம்.பி. ஆனதும், எங்கள் தஞ்சாவூர் வரிப்பணம் அந்தக் கடனுக்கு ஈடாகப் போனதும், 1785இல் அதைக் கண்டித்து எம்.பி. எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொதித்ததும் ஒரு வரிகூட இல்லை. அப்போதும் எழுதினேன். கடிதம் அச்சில் வந்தது, நான் மரியாதைக்காக எழுதிய பாராட்டு வரி மட்டும்! அதிலும் என் பெயர் பிழை. சுருக்கும் உரிமை தங்களுடையது, சரி. குறையை வெட்டிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ராசிபலனுக்குக் கீழே இடம் கிடைத்தாலும் போதும், ஓல்ட் சாரத்தை வாங்கியவர் சென்னைக் கவர்னராக இருந்தவர் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், கும்பகோணம்