அது சூனிய முகமூடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரான்ஸ் ஏலக் கட்டுரையில், வெள்ளை பூசிய அந்த நீள முகத்துக்குக் கீழே ‘ஆப்பிரிக்கப் பில்லிசூனிய முகமூடி’ என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

அது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் ‘ங்கில்’ முகமூடி. சூனியம் வைப்பவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதுதான் ங்கில் சபையின் வேலையே. அந்த முகம் ஊருக்குள் வந்தால் தப்பு செய்தவன் நடுங்குவான். பிறகு பிரெஞ்சு ஆட்சி அந்தச் சபையை ஒடுக்கிவிட்டது. நீங்கள் போலீஸ்காரர் படத்தைப் போட்டுத் திருடன் என்று எழுதிவிட்டீர்கள்.

நான் காபோன் தலைநகர் லிப்ரவில் பக்கம் ஒரு பிளைவுட் ஆலையில் ஆறு வருஷம் இருந்தவன். அங்கே மெஷின் ஓட்டிய ஃபாங் பெரியவர் ஒருநாள் என்னைக் கைவினைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஒரு ங்கில் முகமூடி இருந்தது, சுற்றுலா வருபவர்களுக்காகச் செய்த நகல்தான். கையில் எடுத்தேன், இலவ மரம்போல எடையே இல்லை. வெள்ளைக் களிமண் விரலில் ஒட்டியது. பேன்ட்டில் துடைக்கப் போனேன், சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். “அது இறந்துபோன எங்கள் பெரியவர்களின் நிறம்” என்றார். அப்புறம் தன் கைக்குட்டையை எடுத்து அவரே ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.

உங்கள் கட்டுரை முழுக்க யார் அதிர்ஷ்டசாலி என்பதுதான். பழம்பொருள் வியாபாரி 150 யூரோவுக்கு வாங்கியது, 2022 மார்ச்சில் மான்பெல்லியேவில் 42 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது, விற்ற வயதான தம்பதி வழக்குப் போட்டு 2023 டிசம்பரில் தோற்றது. எல்லாம் சரி. அவர்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது? கணவரின் தாத்தா ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு கவர்னராக இருந்தவர். ஏலக்கூடத்திலேயே காபோன்காரர்கள் எழுந்து, இது எங்களிடமிருந்து திருடிய பொருள் என்று குரல் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு வரி இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு காபோனைக் காம்பியா என்று அச்சிட்டீர்கள். பிக்காசோ கட்டுரையில் ஆப்பிரிக்க முகமூடிகளையெல்லாம் ‘ஆதிவாசிப் பொம்மைகள்’ என்றீர்கள். பிக்காசோவுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. செதுக்கிய மக்களுக்கு இரண்டும் கிடையாதா? அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை. 22 வருஷச் சந்தாதாரன் கடிதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று வருத்தப்பட்டு இருந்துவிட்டேன்.

இப்போது கேட்பது ஒரே வரிதான். ‘சென்ற இதழ்ப் படத்தில் இருப்பது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் ங்கில் முகமூடி’ என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். மூலையில் போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
செங்கோட்டை