கருப்பியை அடிச்சுறாதே

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைச்சது. பேத்திக்குக் காது குத்துக்கு வரலைன்னு திட்டாதே, முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை.

கருப்பி தோல்முட்டை போடுதுன்னு எழுதியிருந்தே. வீட்டுக்கு ஆகாது, அடிச்சுக் குழம்பு வைன்னு உன் ஓரகத்தி சொன்னாளாமே. அவசரப்படாதேடி. போன சித்திரையில என் செவலையும் அப்படித்தான். காலையில கூடைக்குள்ள கையை விட்டா, ஓடே இல்லாம, தண்ணி ஊத்துன பலூனாட்டம் வழுக்குது. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். அதுல 20 மணி நேரம்போல ஓடு கட்டவே போயிருது. ஓடு பூராவும் சுண்ணாம்புச் சத்துதானே. வெயில்ல வாயைப் பிளந்து இரைக்குற கோழி தீனியும் சரியா எடுக்காது, ஓட்டுக்கு வேண்டிய சரக்கும் ரத்தத்துல குறைஞ்சிரும். கூண்டை வேப்பமரத்தடிக்கு மாத்தினேன். கிளிஞ்சலை இடிச்சு, சாயங்காலம் கொட்டாங்குச்சியில வச்சேன். ராத்திரியிலதான் ஓடு கட்டுற வேலை பெரும்பாலும் நடக்குது. பத்து நாள்ல ஓடு கெட்டியாயிருச்சு. ஆனா கருப்பி தூங்கி வழிஞ்சு வெள்ளையா கழிஞ்சா, யோசிக்காம கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போ.

இங்க ஒரு வெடக்கோழி முதல்ல பெரிய நெல்லிக்காய் அளவுல ஒண்ணு போட்டுச்சு. உடைச்சா மஞ்சக்கருவே இல்லை! அடுத்த வாரமே ரெட்டைக்கரு. முட்டைக்கு வந்த புதுசுல அப்படித்தான், வயித்துக்குள்ள ஒழுங்கு படிய நாளாகும்.

எங்க தெருக் கடைக்காரர், பழுப்பா இருந்தாத்தான் நாட்டு முட்டைன்னு சாதிக்கிறார். ஓட்டு நிறம் கோழிச் சாதியைப் பொறுத்தது. பண்ணைக் கோழியிலயும் பழுப்பா போடுறது உண்டு. தின்ன தீனியைக் காட்டுறது மஞ்சக்கருதான். கீரையும் மக்காச்சோளமும் கொத்துனா ஆரஞ்சா இருக்கும், வெறும் குருணைன்னா வெளிறிப்போயிரும். சொன்னா கேக்குறாரா மனுசன்?

செவலை இப்ப 11 முட்டையோட அடையில உக்காந்திருக்கு. கிட்டப்போனா உடம்பை உப்பிக்கிட்டு கொத்த வருது. வைகாசி கடைசியில பொரிச்சிரும். வந்தா ரெண்டு பொட்டைக்குஞ்சா பாத்து எடுத்துட்டுப் போ. ஓரகத்தி கண்ணுல மட்டும் காட்டாதே.

உன்
பாக்கியம்