கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்பு உறவுகளுக்கு வணக்கமுங்க.

நாலு வருசமாக எழுதிக்கொண்டிருந்த திமிங்கில நாவலைப் போன வாரம் முடித்துவிட்டேன். தரையே இல்லாத, முழுக்கக் கடலான ஓர் உலகம். மேலே மிதக்கும் ஊர்களில் மனிதர்கள். கீழே, அவர்களுக்கு மூத்த குடியாகத் திமிங்கிலங்கள். ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்கு அந்தக் கடலைக் காட்டியவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி மாமாவுக்கு. தண்ணீருக்குள் சத்தம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல் என்று படித்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் அது வெறும் கணக்காகவே நின்றது. மாமாவிடம் சொன்னேன். "வா மாப்ள, கெணத்துல எறங்கு" என்றார். சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எனக்கு நீச்சல் பழக்கிய அதே கிணறு. நான் கண்ணை மூடி முங்கினேன். அவர் எங்கோ ஓரமாக முங்கி இரண்டு கூழாங்கல்லைத் தட்டினார். டக். எந்தப் பக்கம் என்று பிடிபடவே இல்லை; என் மண்டைக்குள் தட்டியது போல இருந்தது. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் நமக்குத் திசை தெரிவதில்லை. திமிங்கிலத்துக்குத் தெரியும். கதைநாயகி முதன்முதலாக முங்கும் அத்தியாயத்தை அன்று ராத்திரியே எழுதினேன். 68 வயதில், பல் கிடுகிடுக்கப் படியில் நின்றுகொண்டு, "இன்னொருக்கா தட்டட்டுமா?" என்று கேட்டீர்களே மாமா, அதை மறக்க மாட்டேன்.

ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் 'டக் டக்' என்று சொடுக்கொலியில் பேசும். கூட்டத்துக்குக் கூட்டம் தாளம் மாறும். தறிக்குடோன் வாசலில் நின்றபடியே எந்தத் தறி மக்கர் செய்கிறது என்று காதாலேயே சொல்லும் அண்ணனைப் பார்த்துத்தான் அந்தப் பகுதியை எழுதினேன். நன்றி அண்ணா.

அப்புறம், கடைமடைப் பெரியவர். கப்பல் எஞ்சின் இரைச்சலில் திமிங்கிலங்களின் பேச்சு அமுங்கிப்போகும் இடத்தில் கதையைப் போரில் கொண்டுபோய் விட்டிருந்தேன். கேட்டுவிட்டு, "சண்ட எதுக்குங் தம்பி, முறை வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார். எங்கள் கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீர், மறு போகம் இரட்டைப்படை மதகுக்கு. சுமார் 2,07,000 ஏக்கர் அப்படித்தான் பாதி பாதியாக நனைகிறது. சரி என்று போரை எடுத்துவிட்டேன். இப்போது என் கடலில் எஞ்சினுக்கும் பாட்டுக்கும் முறை உண்டு.

இரவெல்லாம் தட்டச்சு செய்த தங்கச்சிக்கும், ஒற்றுப்பிழை பார்த்த தமிழ் ஐயாவுக்கும் நன்றி.

அச்சானதும் புத்தகத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன். அம்மிச்சிக்குக் கண் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.