புகார்: விளக்கை அமத்தச் சொன்னால் சாமி பாட்டுப் போடும் ஸ்பீக்கர்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கொண்டலாம்பட்டி, சேலம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: "நீங்கள் பேசுகிற தமிழே போதும்" என்று சொல்லி விற்ற குரல் ஸ்பீக்கருக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

போன ஆடித் தள்ளுபடியில் உங்கள் குரல் ஸ்பீக்கரையும், ஒரு ஸ்மார்ட் பல்பையும், டேபிள் ஃபேனுக்கு ஒரு ஸ்மார்ட் பிளக்கையும் சேர்த்து 5,400 ரூபாய்க்கு வாங்கினேன். ரசீது நகல் இணைத்திருக்கிறேன். வாங்கியது என் அம்மாவுக்காக. வயது 78, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். சுவிட்ச் போர்டு கதவோரம் இருக்கிறது, கட்டில் எதிர்ச் சுவரோரம். ராத்திரியில் எழுந்து நடக்காமல் இருந்தால் போதும் என்றுதான் வாங்கினேன்.

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஸ்பீக்கரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "அந்த லைட்டக் கொஞ்சம் அமத்து சாமி" என்றார். எங்கள் பக்கம் பேரப்பிள்ளையிடம் வேலை சொல்வதும் இப்படித்தான். உங்கள் ஸ்பீக்கர் அம்மன் பாட்டைப் போட்டது. அவர் பதறிப்போய் "பாட்டு வேணாஞ் சாமி" என்றார். அடுத்த அம்மன் பாட்டு வந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், தெருவில் ஏற்கெனவே இரண்டு குழாய் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தன. லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது.

உங்கள் சேவை மையத்துக்கு மூன்று முறை பேசினேன். முதல் முறை, பக்கத்தில் விசைத்தறி ஓடுவதால் சத்தம் குழப்புகிறது என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. இரண்டாம் முறை, வயதானவர்களின் உச்சரிப்புத் தெளிவாக இருக்காது என்றார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்கியது. ஏனென்றால், பேசியதெல்லாம் எழுத்தாகப் பதிவாகிற பக்கம் ஒன்று உங்கள் செயலியிலேயே இருக்கிறது. திறந்து பார்த்தேன். "அந்த லைட்டக் கொஞ்சம் அமத்து சாமி" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

என் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவள்தான் விளக்கினாள். இதில் வேலை இரண்டு கட்டமாம். ஒலியை எழுத்தாக்குவது முதல் கட்டம். அந்த எழுத்தைப் பார்த்து இவர் கேட்பது விளக்கா, பாட்டா, அலாரமா என்று முடிவு செய்து, எந்த விளக்கு, எத்தனை மணி என்பதைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. முதல் கட்டத்தில் உங்கள் கருவி நன்றாகவே தேறிவிட்டது, அதை மறுக்கவில்லை. இரண்டாவதில்தான் கோளாறு. கருவியைப் பழக்கக் கொடுத்த உதாரண வாக்கியங்களில் "அமத்து" இருந்திருக்காது, "சாமி" என்றால் பக்திப் பாட்டு என்று மட்டும் இருந்திருக்கும், தெரிந்ததைப் பிடித்துக்கொண்டது என்கிறாள். "வேணாம்" வாக்கியத்தின் கடைசியில் வந்து முழு அர்த்தத்தையும் புரட்டிப் போடுகிற மொழி நம்முடையது. அதையும் கவனிக்கவில்லை.

1962இல் ஐபிஎம் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்கிற 'ஷூபாக்ஸ்' என்று ஒரு கருவியைக் காட்டியது. பத்து இலக்கங்களையும் சேர்த்துப் பதினாறு ஆங்கிலச் சொற்கள்தான் அதற்குப் புரியும். பதினாறு என்று அவர்கள் சொல்லியே காட்டினார்கள். நீங்கள் பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்?

மூன்றாம் முறை பேசிய பெண், "விளக்கை அணை என்று சொல்லச் சொல்லுங்கள் சார், வேலை செய்யும்" என்றார். நான் சொன்னேன், செய்தது. ஆனால் அம்மா சொல்ல மாட்டார். விளக்கை "அணை" என்பது எங்கள் வீட்டில் வாயில் வராத சொல். அமத்து என்போம், குளிர வை என்போம், சாமி விளக்கானால் மலையேத்து என்போம். மின்சார பல்புதானே என்றேன். "பல்பா இருந்தாலும் விளக்குதான் கண்ணு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்றார். ஒரு கருவிக்காக அவரை மாற்ற நான் முயலப்போவதில்லை.

ஃபேனைத்தான் காத்தாடி என்போம்; "காத்தாடியப் போடு" என்றால் இன்று காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று சொல்கிறது. "எட்டரைக்கு எழுப்பு... இல்ல, ஒம்பதுக்கு" என்றால் இரண்டுக்கும் அலாரம் அடிக்கிறது. "புழுக்கமா இருக்குது" என்றதும் ஃபேன் ஓட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அது என் மகனுக்கே புரிவதில்லை.

நான் கேட்பவை: 5,400 ரூபாயை 15 நாளில் திருப்பித் தர வேண்டும். என் அம்மாவின் குரல் பதிவுகளை உங்கள் சர்வரிலிருந்து அழித்து, அழித்ததாக எழுத்தில் தர வேண்டும். "பேசுகிற தமிழே போதும்" என்ற வரியைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால், தவறான விளம்பரம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 1915 உதவி எண்ணிலும், அதன்பின் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிறது, யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். கட்டில் கம்பியில் ஒரு பெட் சுவிட்சைத் தொங்கவிட்டிருக்கிறேன், 60 ரூபாய் ஆயிற்று. போனில் அழைப்பதானால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அழையுங்கள். பகலில் தறிச் சத்தத்தில் எனக்கு நிஜமாகவே கேட்காது.

இப்படிக்கு,
கொண்டலாம்பட்டி வாடிக்கையாளர்