வேலிக்கு ஆடாதோடை நடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் அம்மா முதலில் தேடுவது ஆடாதோடை இலையைத்தான். நாலைந்து இலைகளை மிளகு, இஞ்சியுடன் அவித்து, பனங்கட்டித் துண்டொன்றோடு குடிக்கத் தருவார். கசப்பில் நாக்குச் சுருண்டுவிடும். ஆனால் நெஞ்சில் கட்டிய சளி இளகும். போருக்குப் பின் மீளக் குடியேறியபோது எங்கள் பகுதியில் வேலிகள் முட்கம்பியும் தகரமுமாகிவிட்டன. ஒரு பிடி இலைக்கு ஊரெல்லாம் அலைந்தோம்.

இமயமலை அடிவாரத்திலும் வளரும், இலங்கையில் மழை குறைந்த நம் உலர் வலயத்திலும் வளரும் செடி இது. வெள்ளைப் பூ, இதழில் ஊதாக் கோடுகள். இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடியொற்றியே, மருந்துக்கடைகளில் சளிக்கு விற்கும் புரோம்ஹெக்சின் உருவானது. இதை ஏன் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை?

வளர்ப்பது சுலபம். முற்றிய தடியைச் சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி மாரி ஈரத்தில் நட்டால் போதும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. கட்டாக்காலி ஆடுகளும் வாய் வைக்காது, பெயரே அதைச் சொல்கிறது.

கர்ப்பிணிகள் இதைக் குடிக்கவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கசாயத்தை நம்பியிராமல் காசநோய்ப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

மரக்கன்று வழங்கும் திணைக்களங்கள் வீட்டுக்கு இரண்டு ஆடாதோடைத் தடிகளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாழடைந்த கிணற்றடியில் கண்டெடுத்த ஒரு செடியிலிருந்து எங்கள் வேலியின் ஒரு பக்கம் முழுக்க நட்டுவிட்டேன். அயலவர்கள் வந்து வெட்டிச் செல்கிறார்கள்.

வாசகி,
ஒட்டுசுட்டான்