காமன் இரவை டெப்பில் இறக்குவது எப்படி: மகளுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்
தை 20

அன்பு மகளுக்கு,

மாசி பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. தோட்டத்துக் காமன் கூத்தில் கம்பம் ஊன்றுவதிலிருந்து மதனை எரிக்கும் இரவு வரை எல்லாவற்றையும் கமராவில் பிடித்து, டெப்பிலேயே எடிட் பண்ணப் போவதாகப் போனில் சொன்னாய். பண்டாரவளையில் உன்னிடம் கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதே. அந்த வேலையை உன் ஐபேட் தாங்கும். கெட்டுப்போவதெல்லாம் கமராவின் மெமரி கார்டிலிருந்து டெப்புக்கு வரும் வழியில்தான். எடிட்டிங்கில் பிழை விட்டால் திரும்பவும் உட்கார்ந்து செய்யலாம், கொப்பி எடுக்கும்போது விட்டால் அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும். அதனால் கொப்பியைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கமராவில் 50எம் என்று போட்டிருப்பது செக்கனுக்கு 50 மெகாபிட். எட்டால் வகுத்தால் 6.25 மெகாபைட். நிமிடத்துக்கு 375 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி. 4கே யில் 100எம் வைத்தால் அப்படியே இரட்டிப்பு, 45 ஜிபி. கூத்து விடிய விடிய நடக்கும். ஆறு மணித்தியாலம் பிடித்தால் 50எம் இல் 135 ஜிபி, 100எம் இல் 270 ஜிபி. உன் ஐபேட்டோ 64 ஜிபி, அதிலும் ஒரு பங்கை சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே முழு இரவையும் ஐபேட்டுக்குள் இறக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடு. வெளியே மாட்டும் டிஸ்க்கான எஸ்எஸ்டி, 1 டிபி அளவில் ஒன்று வாங்கு. வீடியோ அங்கேதான் இருக்கும், ஐபேட் அதைத் திறந்து வேலை செய்யும்.

இரவு முழுக்க 1080, 25பி (செக்கனுக்கு 25 ஃபிரேம்), 50எம் போதும். எரிப்பை மட்டும் 4கே யில் எடு. 25 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். 25பி யும் ஷட்டர் 1/50 உம் அந்த மினுக்கத்தோடு ஒத்துப்போகும். 30பி யில் 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், எந்த ஆப்பாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. கமராவின் மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பிஏஎல் (PAL) என்று மாற்று. மாற்றும்போது கார்டை ஃபோர்மட் பண்ணச் சொல்லும், ஆகவே வெறும் கார்டைப் போட்டு இந்தக் கிழமையே செய்துவிடு.

128 ஜிபி கார்ட் ஒன்றை விட 64 ஜிபி கார்ட் மூன்று நல்லது. ஒவ்வொன்றிலும் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஒன்று பழுதானாலும் இரவு முழுவதும் போகாது. 4கே 100எம் எடுக்கும் கார்டில் யு என்ற எழுத்துக்குள் 3 போட்டிருக்க வேண்டும். மூன்றிலும் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதி, வாங்கியதும் கமராவிலேயே ஃபோர்மட் பண்ணு.

இனி சாமான். கார்ட் துளை, ஒரு யுஎஸ்பி துளை, சார்ஜ் உள்ளே போகும் டைப்-சி துளை, இந்த மூன்றும் உள்ள ஹப் ஒன்று வேண்டும். சார்ஜ் துளை இல்லாத ஹப்பை வாங்காதே. கார்டும் எஸ்எஸ்டியும் சேர்ந்து ஐபேட்டிடமிருந்தே மின்சாரம் இழுக்கும்போது, இந்தச் சாமான் அதிக மின்சாரம் கேட்கிறது என்று திரையில் சொல்லி நிறுத்திவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பெரும்பாலும் ஓடவே ஓடாது.

அந்தச் சார்ஜ் துளையில் சுவர் பிளக்கைச் செருகாதே. நம் பக்கம் மழையும் காற்றும் வந்தால் கரண்ட் ஒரு கண் சிமிட்டுப் போய் வரும். அந்தக் கண நேரத்தில் பல ஹப்கள் தம்மைத் தாமே நிறுத்தித் திரும்பத் தொடங்கும். கார்டும் எஸ்எஸ்டியும் அந்த நொடியில் கழன்ற கணக்காகிவிடும், கொப்பி பாதியில் அறுந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கும் கெடலாம். பிடி (PD) என்ற வகைச் சார்ஜ் தரும் பவர் பேங்க் ஒன்றை முழுதாக நிரப்பி, அதையே ஹப்பில் மாட்டு. கொப்பி முடியும்வரை அந்த வயரைத் தொடாதே.

எஸ்எஸ்டி எந்த ஃபோர்மட்டில் இருக்கிறது என்றும் பார்த்து வாங்கு. சில டிஸ்க்குகள் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் இல் வரும், அதில் ஐபேட்டால் எழுத முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள். ஃபேட் 32 வேண்டாம், அதில் 4 ஜிபி க்கு மேற்பட்ட ஒரு பைலை வைக்க இடமில்லை. 50எம் இல் பன்னிரண்டு நிமிடம் ஒரே ஓட்டமாகப் பிடித்தாலே 4 ஜிபி தாண்டிவிடும்.

கூத்து முடிந்து, விடிந்ததும் செய்ய வேண்டியது இது. மாசிப் பனியில் இரவெல்லாம் நின்ற கமராவை அடுப்புச் சூடுள்ள அறைக்குள் கொண்டுவந்து உடனே திறக்காதே, உள்ளே நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வை. பிறகு கார்டை எடுத்து, பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளு. பூட்டிய கார்டில் எழுதவோ அழிக்கவோ பெரும்பாலான கார்ட் துளைகள் விடாது. திரும்பக் கமராவில் போடும்போது பூட்டைத் திறக்க மறந்தால் ரெக்கோர்ட் ஆகாது, அதையும் நினைவில் வை.

ஐபேட்டில் செட்டிங்ஸுக்குப் போய், திரை தானாக அணைவதை ஒருபோதும் வேண்டாம் என்று வை. அது மங்கலாக, மாற்ற முடியாமல் இருந்தால் லோ பவர் மோட் போட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை நிறுத்து. திரை அணைந்தால் நீண்ட கொப்பி நின்றுபோகக்கூடும்.

ஃபைல்ஸ் ஆப்பைத் திற. இடது பக்கத்தில் கார்டும் எஸ்எஸ்டியும் தனித்தனியாகத் தெரியும். எஸ்எஸ்டியில் "காமன்-இரவு1-கார்ட்1" என்று ஒரு போல்டர் செய். இனி கார்டைத் திறந்து, பிரைவேட் என்ற போல்டரை அப்படியே முழுதாக அதற்குள் கொப்பி பண்ணு. உன் சோனி கமராவின் வீடியோ டிசிஐஎம் போல்டரில் இருக்காது. பிரைவேட், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப், அங்கேதான் சி0001, சி0002 என்று எம்பி4 பைல்கள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே எக்ஸ்எம்எல் என்ற சின்னச் சின்னப் பைல்கள் கிடக்கும், எடுத்த நேரமும் கமரா விபரமும் அவற்றில்தான். ஐந்தாறு கிளிப்பை மட்டும் பொறுக்கி எடுத்தால் எது விடுபட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. முழுப் போல்டரையும் எடுத்தால் அந்தக் கேள்வியே வராது.

ஒவ்வொரு கார்டுக்கும் வேறு போல்டர் கேட்பது சும்மா ஒழுங்குக்காக அல்ல. புதிதாக ஃபோர்மட் பண்ணிய கார்டில் கமரா திரும்பவும் சி0001 என்றே தொடங்கக்கூடும். கார்ட் 1 இன் சி0001 தூதன் வரும் காட்சி, கார்ட் 2 இன் சி0001 ரதி அழும் காட்சி என்று வை. இரண்டையும் ஒரே போல்டரில் போட்டால் ஐபேட் மாற்றவா, இரண்டையும் வைக்கவா என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் மாற்று என்று அமத்தினால் ஒன்று போய்விடும்.

நேரத்தையும் கணக்கில் எடு. உன் பத்தாம் தலைமுறை ஐபேட்டில் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2. கணக்கில் 480 மெகாபிட், கையில் கிடைப்பது செக்கனுக்கு 35 மெகாபைட் அளவுதான். நிறைந்த 64 ஜிபி கார்டை ஐபேட்டுக்குள் எடுக்கவே அரை மணித்தியாலம் ஆகும். கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகையில் அதே ஒற்றை வயரில் உள்ளே வந்து வெளியே போக வேண்டும், அதனால் ஒரு மணித்தியாலம் வை. வேகமான கார்டோ விலை கூடிய வயரோ இதை மாற்றாது. பொறுமையாக இரு, ஐபேட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடி, ஆனால் ஹப்பை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்.

கொப்பி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வட்டம் நிறைந்து மறைந்த பிறகும் உடனே கழற்றாதே. கார்டில் உள்ள போல்டரை நீளமாக அமத்தி விபரத்தைப் பார், எஸ்எஸ்டியில் உள்ளதையும் பார். அளவும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு எஸ்எஸ்டியில் உள்ள கடைசிக் கிளிப்பைத் திறந்து அதன் முடிவுக்கு இழுத்து ஓடவிடு. அறுந்த கொப்பி பெரும்பாலும் கடைசிப் பைலில்தான் தெரியும்.

இரண்டாவது கொப்பியை வேறொரு டிஸ்க்கில் எடு. முதல் கொப்பியிலிருந்து எடுக்காமல் கார்டிலிருந்தே எடு, அப்போதுதான் முதலாவதில் பிழை இருந்தால் இரண்டாவதுக்கும் தொற்றாது. இரண்டும் சரி என்று பார்த்த பிறகே கார்டை ஃபோர்மட் பண்ணலாம், அதுவும் கமராவில்.

ஃபோட்டோஸ் ஆப் வழியாக இறக்க வேண்டாம். வசதியாகத் தெரியும், ஆனால் ஐகிளவுட் ஃபோட்டோஸ் திறந்திருந்தால் இறக்கியதெல்லாம் மேலே ஏறத் தொடங்கும், மாத டேட்டா ஒரே இரவில் தீர்ந்துவிடும். இறக்கி முடிந்ததும் கார்டில் உள்ளதை அழிக்கவா என்றும் கேட்கும். அந்தக் கேள்வியே வராத வழியில் போவது நல்லது. கமராவின் வைஃபையும் இதற்குச் சரிவராது. ஓரிரு சின்னக் கிளிப்புக்குப் பரவாயில்லை, 60 ஜிபி க்கு முன் கமராவின் பெட்டரி இறங்கிவிடும்.

கூடவருபவர் யாரும் அன்ட்ராய்ட் டெப்பில் கார்டைப் பார்க்கக் கேட்டால் கவனம். சில பழைய மொடல்கள் எக்ஸ்ஃபேட் கார்டை வாசிக்காது. கார்ட் பழுது, ஃபோர்மட் பண்ணவா என்று கேட்கும். கார்ட் பழுதே இல்லை, அந்த டெப்புக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆம் என்று அமத்தினால் இரவு முழுதும் போச்சு. பூட்டிய கார்டாக இருந்தால் இங்கேயும் அந்தப் பூட்டு உன்னைக் காப்பாற்றக்கூடும்.

மற்றவர்கள் எடுத்ததையும் சேர்க்கப் போகிறாய் அல்லவா. கோப்ரோ என்றால் பெயரைக் கவனி. ஜிஎச்010034, ஜிஎச்020034 இரண்டும் ஒரே ஓட்டத்தின் முதல் துண்டும் இரண்டாம் துண்டும், நடுவில் உள்ள 01, 02 தான் துண்டின் எண். பெயர் வரிசையில் பார்த்தால் ஜிஎச்010035 இடையில் வந்து குழப்பும், கடைசி நான்கு எண்ணை வைத்துச் சேர். பழைய ஹேண்டிகேம் என்றால் எம்டிஎஸ் பைல் வரும். டெப்பில் உள்ள எடிட்டிங் ஆப்கள் பெரும்பாலும் அதை ஏற்காது. படத்தைத் திரும்பச் சுருக்காமல், படமும் ஒலியும் அடங்கிய பைல் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றும் ஆப் ஒன்றைப் பயன்படுத்து, தரம் குறையாது, நேரமும் எடுக்காது. படம் ஓடிச் சத்தம் வராவிட்டால் அதன் டொல்பி ஒலியை அந்த ஆப் வாசிக்கவில்லை என்று பொருள். ஒலியை மட்டும் ஏஏசி ஆக மாற்று, படத்தைத் தொடாதே.

எடிட்டிங்குக்கு லூமாஃபியூஷன் ஆப்பை எடு. ஃபைனல் கட் ஐபேட்டுக்கு 2023 இல் வந்தது, எம்1 சிப் இல்லாத உன் ஐபேட்டில் ஓடாது. லூமாஃபியூஷன் எஸ்எஸ்டியில் இருக்கும் பைலை உள்ளே இழுக்காமல் அங்கிருந்தே ஓட்டும். 50எம் கிளிப் ஒன்றுக்கு செக்கனுக்கு 6.25 மெகாபைட்தான் வேண்டும், 35 வரும் வயரில் இரண்டு மூன்று அடுக்கு தாராளமாகப் போகும். 4கே 100எம் இரண்டு அடுக்கென்றால் 25 ஆகிவிடும், அங்கே திக்கத் தொடங்கும். புரொஜெக்டை 25 ஃபிரேமில் தொடங்கு. இணைத்த பிறகு எஸ்எஸ்டியின் பெயரையோ போல்டரின் பெயரையோ மாற்றாதே, எல்லாக் கிளிப்பும் காணாமல் போன மாதிரிக் காட்டும்.

ஒலியை மட்டும் எடிட்டிங்குக்கு விட்டுவைக்க முடியாது. தப்பு மேளத்தின் அடி திடீரென்று எழும். ஓட்டோ லெவலில் விட்டால் அடி விழும்போது பாட்டு அமுங்கிப்போகும். மெனுவலில் வைத்து, பலமான அடி மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி குறைத்துக்கொள். உடைந்த ஒலியை எந்த ஆப்பாலும் ஒட்ட முடியாது, மெல்லிய ஒலியைக் கூட்டலாம். தனி ரெக்கோடர் வைத்தால் 48 கிலோஹேர்ட்ஸில் வை, கமராவும் அதுதான்.

முடிந்த படத்தை 1080 இல் 20 மெகாபிட்டில் எடுத்தால் நிமிடத்துக்கு 150 மெகாபைட். வட்ஸ்அப்பில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்பு, 2 ஜிபி வரை சுருக்காமல் போகும்.

கம்பம் ஊன்றும் நாளுக்கு முன் ஒரு தடவை பழகிப் பார், மகள். பத்து நிமிடம் எதையாவது பிடித்து, கார்டைப் பூட்டி, ஹப்பில் போட்டு, எஸ்எஸ்டிக்கு எடுத்து, அளவு பார்த்து, லூமாஃபியூஷனில் திற. அந்தப் பத்து நிமிடமும் 3.75 ஜிபி அளவில் வர வேண்டும். கூட வந்தால் 100எம் இல் இருக்கிறது என்று அர்த்தம், மெனுவைத் திரும்பப் பார். பழகிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா